முன் இடது பக்கம் ஒரு ‘டொக்’

ஜூன் 2, காலை. ஒரு வாசகர் கேட்டது:

“ஏழு பேர் உட்காரும் குடும்ப எஸ்யூவி. 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 30க்குக் கீழே மெதுவாகப் போகும்போது, மேடுபள்ளம் வந்தால் முன் இடது பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். சர்வீஸில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். சத்தம் போகவில்லை. போட்டது மட்டமான ஷாக் என்றுதான் தோன்றுகிறது. நல்லதாக வாங்கி மறுபடி மாற்றலாமா? பின்பக்கம் வேறு என்னவோ கடகடவென்று ஆடுகிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.”

ஜூன் 2, இரவு

மாற்றாதீர்கள். போன வருஷம் நான் நாலு மாதம் இதே வேலையாக அலைந்தேன். தேவையே இல்லாமல் கழற்றிப் போட்ட பாகங்கள் இன்னும் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன, மனைவி அவ்வப்போது அதைக் காலால் தள்ளிக் காட்டுவாள்.

ஷாக் போய்விட்டால் சத்தத்தை விட ஆட்டம்தான் முதலில் தெரியும். வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டியின் மூக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருக்கும். டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கும். இதெல்லாம் இல்லாமல் வெறும் ‘டொக்’ மட்டும் என்றால் ஷாக்கைச் சந்தேகப்படுவது கடைசியில்தான்.

எதற்கும் முன்னால், இன்றைக்கே, வீல் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஷாக் மாற்றியபோது சக்கரத்தைக் கழற்றித்தான் இருப்பார்கள். நட்டு தளர்ந்த சக்கரமும் மெதுவாகப் போகும்போது இப்படித்தான் இடிக்கும். மற்ற சத்தங்கள் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

ஜூன் 3, காலை

நட்டுகள் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

அடுத்து, அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கினீர்களே, அந்தப் பின்பக்கத்துக் கடகடவை முதலில் முடித்துவிடுங்கள். வண்டிக்குள் நாலு சத்தம் ஒன்றாகக் கேட்டால் காது எதையும் சரியாகப் பிடிக்காது. வண்டியைக் காலி செய்யுங்கள். காலி என்றால் முழுக்கக் காலி. கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, கண்ணாடிக் கூடு, சீட்டுக்கு அடியில் உருளும் குடை, குழந்தை இருக்கை, எல்லாமே வெளியே வர வேண்டும். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள்.

மூன்று வரிசை வண்டியில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நிறைய. ஆளில்லாத சீட்டின் பெல்ட் கொக்கி, தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கில் போய்த் தட்டும். இதைப் பின் ஷாக் என்று நினைத்து நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மகள்தான், “அப்பா, என் காதுக்குப் பக்கத்துலதான் தட்டுது” என்று அந்தக் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு நாற்பத்தி நாலு.

மடிக்கும் சீட்டைப் பூட்டும் கொக்கி, அது மாட்டும் கம்பி, இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விழுந்தாலும் ஆடும். கம்பியில் ஒரு சுற்று துணி டேப் போதும். தடிமனாகச் சுற்றினால் சீட்டு சரியாகப் பூட்டாது, அதில் ஜாக்கிரதை.

அப்புறம் ஜாக்கி. பக்கவாட்டில் ஒரு குழிக்குள் கத்தரி ஜாக்கி இருந்தால், அதை வெறுமனே உள்ளே வைத்தால் போதாது. திருகைக் கையால் சுற்றி, குழிக்குள் அது இறுகிப் பிடிக்கும்வரை விரிக்க வேண்டும். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிற மாதிரி இருந்தால் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். துளி அசைந்தாலும் கம்பியை இன்னும் சுற்றி ஏற்ற வேண்டும்.

ஜூன் 3, மதியம்

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படித்தோமே, சலசல, கடகட, லொடலொட. பிரித்தால் பொருள் தராது. அதை வைத்து நானாக ஒரு விதி போட்டு வைத்திருக்கிறேன். சத்தம் இரட்டைக்கிளவியாக வந்தால் ஆடுவது கனமில்லாத பொருள்: பிளாஸ்டிக், மெல்லிய தகடு, பெல்ட் கொக்கி. ‘டொக்’, ‘ணங்’ என்று பள்ளத்துக்கு ஒன்றாக வந்தால் கனமான பொருள்: சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புகள். லேசானது ஒருதடவை ஆட ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். கனமானது ஒருமுறை இடித்துவிட்டு அடுத்த பள்ளம்வரை சும்மா இருக்கும்.

உங்களுடையது ஒற்றை. ஆகவே கீழே.

ஜூன் 5

இன்று நேரம் கிடைத்தது, விவரமாக எழுதுகிறேன்.

மெதுவான வேகம், சின்னப் பள்ளம், ஒரு பக்கம் மட்டும், ஒற்றை ‘டொக்’. இந்த நாலும் சேர்ந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு. வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரண்டு முன் சக்கரங்களையும் இணைத்து ஒரு தடித்த கம்பி போகும், ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனைகளையும் ஷாக்கோடோ, சக்கரத்தை அடிப்பக்கம் பிடித்திருக்கும் கீழ்க்கையோடோ (லோயர் ஆர்ம்) இணைப்பதுதான் லிங்க் ராடு. அதன் இரண்டு தலையிலும் சின்னப் பந்து மூட்டு இருக்கும். மூட்டு தேய்ந்தால் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பந்து கிண்ணத்துக்குள் இடிக்கும். இடி அந்தத் தடித்த கம்பி வழியாக அப்படியே வண்டியின் உடம்புக்கு ஏறும். வேகமாகப் போகும்போது டயர் சத்தமும் காற்றும் அதை அமுக்கிவிடும். அதனால்தான் ‘30க்குக் கீழே மட்டும்’ என்று தோன்றுகிறது.

சோதிக்க இதுதான் வழி. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறுகிற வேகத்தடையில் மெதுவாக ஏற்றுங்கள். கம்பி முறுக்கப்படாமல் இரு முனையும் சேர்ந்து சுழலும், சத்தம் வராது. பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஓரமாகப் போங்கள். கம்பி முறுக்கப்படும், லிங்க்கில் இழுவை மாறும், ‘டொக்’ வரும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, கையால் அசைத்துப் பார்ப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். தேய்ந்த மூட்டும் அப்போது புதுசு மாதிரி நிற்கும். நான் அப்படித்தான் பார்த்து, “லிங்க் நன்றாக இருக்கிறது” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு மேலே போனேன். நாலு சக்கரமும் சமதரையில் நிற்கும்போது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவைத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க்கைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். விரலுக்கே அந்த ‘டக்’ தெரியும்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் வெறும் ஜாக்கியை நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள். தாங்கி வைக்காமல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

ஜூன் 6

நேற்று ‘சத்தம் வராது’ என்று அடித்து எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்: குறையும். கம்பியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் இறுக்கமாக இருந்தால், கம்பி சுழல்வதற்கே கொஞ்சம் விசை வேண்டும், அது லிங்க் வழியாகத்தான் போகிறது. மிகவும் தேய்ந்த மூட்டு அப்போதும் லேசாக இடிக்கும். கூடுதல் குறைவைப் பாருங்கள், வருகிறதா வரவில்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள்.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

கேட்ட இன்னொரு கேள்விக்கு: ஆமாம், வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் நகர்ந்ததும் ஒரே ஒருமுறை ‘டக்’ என்று வருவது பல வண்டிகளில் ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம். மறுபடி வண்டியை நிறுத்தி எடுக்கும்வரை வராது. அதை விட்டுவிடுங்கள்.

பிரேக் பிடித்து நின்ற பிறகு பின் சீட்டுக்கு அடியில் ‘தொளக்’ என்று வருவதும் அப்படித்தான். டேங்கில் டீசல் அலையடிக்கிறது. இதைத் தேடி நான் பின் ஆக்ஸில் புஷ்வரைக்கும் போனேன். டேங்கை நிரப்பிய அன்று நோய் தீர்ந்தது. பாதி டேங்கில் திரும்ப வந்தது.

ஜூன் 9

சத்தத்தை முதலில் எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதை ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றினால் வருகிறதா? அப்படியானால் இன்ஜின் அல்லது சைலன்சர் கூட்டம். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுற்றும் வேகத்தில்) மட்டும் ‘ஸ்ர்ர்ர்’ என்று வந்து, கொஞ்சம் ஏற்றினால் மறைந்தால், அநேகமாக சைலன்சருக்கு மேலே உள்ள வெப்பத் தடுப்புத் தகடு. போல்ட் துருப்பிடித்து, ஓட்டை பெரிதாகி, தகடு தனியாக அதிரும். ஹோஸ் கிளிப்பைப் பெரிதாக வாங்கிச் சுற்றி இறுக்கினால் பல வருஷம் ஓடும். குழாய் ஆறிய பிறகு செய்யுங்கள், என் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது.

வண்டி ஓடும்போது மட்டும் வந்து, வேகத்தோடு சேர்ந்து சத்தமும் விரைவானால், சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 235/65 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 5.5 மீட்டர் போகிறது. அதாவது சக்கரம் நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. சத்தத்தை எண்ணிப் பாருங்கள், பத்து நொடிக்கு இருபத்தி நாலு வந்தால் சுற்றுக்கு ஒன்று. என் வண்டியில் ஒருமுறை இப்படி எண்ணிக் கண்டுபிடித்தது டயர்ப் பள்ளத்தில் மாட்டிய ஒரு கல். கண்டுபிடித்த பெருமை அன்று முழுக்க இருந்தது.

வேகமும் சேராது, ஆர்பிஎம்மும் சேராது, சாலைக்கு மட்டும் பதில் சொல்கிறது என்றால்தான் ஷாக், லிங்க், புஷ் பக்கம் போக வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருளவிடுவது பயன்படும். ஓடும் வண்டியில் இன்ஜினை அணைப்பது வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கு உதவியும் போய்விடும்.

ஜூன் 12

இரட்டைக்கிளவி விதியை வாபஸ் வாங்குகிறேன். முழுக்க இல்லை, பாதி. அது எனக்கே என்ன செய்தது என்பதை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லிங்க் ராடு இரண்டையும் கடைசியில் மாற்றினேன். ‘டொக்’ போயிற்று. நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் ஜல்லி பெயர்ந்த சாலையில் முன்பக்கம் ‘கடகட’. அது முன்பே இருந்திருக்கிறது, ‘டொக்’ அதை மூடியிருந்திருக்கிறது. என் விதிப்படி இரட்டைக்கிளவி என்றால் பிளாஸ்டிக், ஆகவே டாஷ்போர்டு. கையுறைப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒயர் கற்றைக்கெல்லாம் துணி டேப் சுற்றினேன். ஏசி குழாய்க்கு இடையில் பஞ்சு வைத்தேன். கடகட அப்படியே இருந்தது, ஆனால் டாஷ்போர்டைத் தட்டினால் இப்போது மெத்தையைத் தட்டுவது மாதிரி இருந்தது. அடுத்து, கோபத்தில், ஷாக்கின் மேல் முனையை வண்டியின் உடம்போடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் இரண்டையும் மாற்றினேன். பழையது நன்றாகத்தான் இருந்தது. (ஸ்ட்ரட் மவுண்ட் போயிருந்தால் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சுருள் வில் முறுக்கி விடுபடும் ‘டொய்ங்’ கேட்கும். எனக்கு அது வரவே இல்லை. தெரிந்தும் மாற்றினேன்.)

தீர்ந்தது இப்படித்தான். மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில். அதே ஜல்லிச் சாலை, கடகட. எதிரே ஒரு நாய் வந்தது, லேசாக பிரேக்கைத் தொட்டாள். சத்தம் நின்றது. காலை எடுத்தாள், திரும்ப வந்தது. “இன்னொரு தடவை மிதி” என்றேன். நின்றது. ஏழெட்டுத் தடவை மிதிக்க வைத்தேன், பின்னால் வந்தவர் என்ன நினைத்தாரோ.

பிரேக் பேட். பேடைப் பிடித்து அழுத்தும் மெல்லிய எஃகுக் கிளிப் ஒன்று, முந்தைய தடவை பேட் மாற்றியவர் திரும்பப் போடவில்லை. பேட் தன் கூட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பிரேக்கைத் தொட்டால் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், ஆட்டம் நிற்கும். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நழுவுகிற ஊசிகளும் காய்ந்திருந்தன. புது கிளிப், ஊசிக்குரிய கிரீஸ், அரை மணி நேரம். நாலு மாதமும் ஒரு அட்டைப்பெட்டியும் இதற்குத்தான்.

ஆக விதியின் திருத்தம்: இரட்டையாக வந்தால் லேசான பொருள்தான், ஆனால் லேசான பொருள் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஜூன் 13

போனை வைத்துப் பதிவு செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நானும் செய்தேன். டிக்கியில் ஒரு பதிவு, முன் சீட்டுக்கு அடியில் ஒரு பதிவு, எதில் சத்தம் பெரிதோ அங்கேதான் என்று முடிவு கட்டினேன். பல போன்கள் சத்தம் குறைவாக இருந்தால் தானாக ஏற்றிக்கொள்ளும், அதிகமாக இருந்தால் இறக்கிக்கொள்ளும். எந்தப் பதிவும் ஒரே அளவில்தான் கேட்கும். பதிவை மெக்கானிக்குக் கேட்கவைக்கப் பயன்படுத்துங்கள், இடம் பார்க்க வேண்டாம்.

அதைவிட நல்ல வழி, மெக்கானிக்கை உங்கள் வண்டியில் உட்காரவைத்து, சத்தம் வரும் அந்த ஐம்பது மீட்டர் சாலையில் நீங்களே ஓட்டிக் காட்டுவது. ‘சத்தம் கேட்கவில்லை’ என்று திருப்பி அனுப்பியவர்கள் பெரும்பாலும் வேறு சாலையில், வேறு டயர் காற்றில் ஓட்டியிருப்பார்கள். காற்றைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் காற்று ஏற்றியிருந்தால் எல்லாச் சத்தமும் ஒரு படி கூடும்.

ஜூன் 14

புஷ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கீழ்க்கையின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் பள்ளத்தைவிட பிரேக் பிடிக்கும்போதும், முன்னோக்கி ஓடிவிட்டு ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போதும்தான் ‘டொக்’ தெளிவாக வரும். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் என்றால் டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும் அந்தக் கணத்திலேயே இடிக்கும். புது புஷ் போட்டால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற இடம் இது.

கதவு ரப்பரில் ‘கிறீச்’ என்றால் சிலிக்கான் கிரீஸ். கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலைத் தடவாதீர்கள். அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். எந்த ரப்பர் கத்துகிறது என்று தெரியாவிட்டால் தண்ணீரை ஒவ்வொரு இடமாகத் தெளித்துப் பாருங்கள், கத்துவது கொஞ்ச நேரம் வாயை மூடும். டிக்கிக் கதவு தளர்வாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் உடம்புக்கும் நடுவே வைத்து மூடி, இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் கதவு ஓரத்து ரப்பர்க் குமிழை அரைச் சுற்று வெளியே திருகிப் பாருங்கள். பல வண்டிகளில் அது திருகுகிற மாதிரிதான் இருக்கும்.

ஜூன் 17

இப்போதுதான் சொல்கிறீர்கள், ஷாக் மாற்றுவதற்கு முன் பெரிய பள்ளத்தில் மட்டும் வந்ததாம், மாற்றிய பிறகு சின்ன மேட்டிலும் வருகிறதாம். இதை முதல் நாளே எழுதியிருந்தால் என் பாதிக் கதையை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். இரண்டும் ஒரே சத்தம் அல்ல. பழையது ஷாக்கோடு போயிருக்கலாம் (முதல் நாள் நான் ஷாக்கை அவ்வளவு உறுதியாகத் தள்ளியது தப்பு). இப்போது இருப்பது, மாற்றியபோது புதிதாக வந்தது.

ஷாக்கைக் கழற்ற வேண்டுமானால் பல வண்டிகளில் லிங்க் ராடின் மேல் தலையை அதிலிருந்து விடுவிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது நட்டைச் சுற்றினால் உள்ளே பந்தும் சேர்ந்து சுற்றும். நட்டு இறுகியது மாதிரியே கைக்குத் தோன்றும். தண்டின் நுனியை ஆலன் சாவியாலோ, பின்னால் தட்டையான இடத்தை ஸ்பேனராலோ பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். இடது மேல் நட்டைப் பாருங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

ஜூன் 20

நட்டு ஒரு முழுச் சுற்றுக்கு மேல் உள்ளே போனது என்கிறீர்கள். ‘டொக்’ இல்லை, மூன்று நாளாகக் கோடும் உடையவில்லை. சந்தோஷம்.

‘இப்போது பின்பக்கத்துக் கடகட முன்னைவிடப் பெரிதாகக் கேட்கிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிதாகவில்லை. ஜூன் 3 காலை எழுதியதில் கடைசிப் பத்தி, ஜாக்கி.